மில் சங்கின் சுருதியில் ஒரு பியானோ

மாரிக்கனி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்மோனியப் படத்தோடு வந்து சேர்ந்தது. ஆயுசு முழுக்க பியானோ வாசித்த மனுஷிக்கு, யாரோ ஒரு புண்ணியவான் ஆர்மோனியத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தியை எரியவிட்டு, "இசைக்குயில் பறந்தது" என்று எழுதி வாட்ஸப்பில் சுற்றுக்கு விட்டிருந்தார். அக்கா பாடியதே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்துவிட்டு, வேறு யாரோ ஒரு மாரிக்கனி என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் ராஜபாளையத்தில் இருக்கும் அவர் தம்பி முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"ஆமாண்ணே," என்றான். "காலைல நெஞ்சு வலிக்குன்னு சொல்லிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மெட்ராஸ்லேருந்து கொண்டு வந்துக்கிட்டு இருக்காங்க. நீங்க வீட்டுக்கு வந்துருங்க."

துக்கம் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது தணிந்தபாடில்லை. அவரோடு பழகிய நீங்கள் இதைப் பொறுத்துக்கொள்வீர்கள். அந்தப் படத்தை அக்காவே பார்த்திருந்தால், அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டு நான் எழுதக் கூசும் வார்த்தைகளில் விசாரித்திருப்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாரிக்கனி ஜாஸ் பியானோ கலைஞர். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே அதைப் பிரித்துப் போட்டு, அந்த நேரத்துக்குத் தோன்றியபடி திரும்பக் கட்டுகிற இசை அது. ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளியின் மகள். படித்த கான்வென்ட் பள்ளியில் பிரார்த்தனைக்கு வைத்திருந்த பியானோவில் கை பழகி, சென்னைக்குப் போய் பெரிய ஓட்டல்களில் வாசித்து, பிறகு கச்சேரி மேடைக்கு வந்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பெரிய பிடில் மாதிரி ஆள் உயரத்துக்கு நிற்குமே, டபுள் பேஸ், அது என் வாத்தியம். அவருக்குப் பக்கத்தில் நின்று அதை மீட்டியே என் தலை நரைத்தது.

முதல்முதலாக நான் அவரைப் பார்த்ததே ஒரு சண்டையில்தான். சென்னையில் ஒரு ஓட்டல். வரவேற்புக் கூடத்தில் பியானோ. பக்கத்தில் இருந்த பலகையில் "இன்று மாலை: மேரி" என்று எழுதி வைத்திருந்தார்கள். மாரிக்கனி என்று எழுதினால் சாப்பிட வருகிறவர்களுக்கு ஜாஸ் மாதிரி இருக்காதாம். அக்கா பியானோ மூடியைத் திறக்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பலகைக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேலாளர் வந்து கேட்டதற்கு, "மேரி இன்னும் வரலீங்க. வந்ததும் வாசிப்பா," என்றார். செத்த நேரத்தில் பலகையைத் திருத்தி எழுதினார்கள். அதிலும் எழுத்துப் பிழை. அதையும் நின்று திருத்தவைத்துவிட்டுத்தான் வாசித்தார்.

வெளியூரில் எங்கள் இருவருக்கும் இன்னொரு தொல்லை இருந்தது. கச்சேரி முடிந்து கை குலுக்க வருகிறவர் அவரிடம், "ராஜபாளையமா? நாய்க்குட்டி ஒன்று கிடைக்குமா?" என்பார். என்னிடம், "ஸ்ரீவில்லிபுத்தூரா? அடுத்த தடவை பால்கோவா கொண்டுவாருங்கள்," என்பார். நாங்கள் வாசித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒருமுறை அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாய் நல்லாருக்கு சார். நாங்க ரெண்டு பேரும் எப்படி வாசிச்சோம்?" என்று திருப்பிக் கேட்டார். அந்த மனிதர் அசடு வழிந்துகொண்டு போனார். அன்று ரயிலில் வரும்போதுதான் அக்கா, "நம்ம பக்கத்தை ஒரு ஆல்பமா வாசிக்கணும்லே. நாயும் கெடையாது, பால்கோவாவும் கெடையாது. நாம தெனம் பாத்தது," என்றார்.

அப்படி வந்ததுதான் "மலைக்கு இந்தப் பக்கம்". மம்சாபுரம் கண்மாய்க்கு ஒரு பாட்டு, சோழபுரத்துக் கரிசல் காட்டுக்கு ஒன்று, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும் ரோட்டுக்கு ஒன்று. எல்லாம் வார்த்தையில்லாத பாட்டுகள். பியானோ, பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். தலைப்புப் பாட்டு மேற்கு மலையைப் பற்றியது. எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மேகம் மலை உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கும். இதோ இறங்கப்போகிறது என்று கொடியில் கிடக்கும் துணியை எல்லாம் எடுப்போம். அது மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்கு நாலு தூறலைக் காட்டிவிட்டுப் போகும். அக்காவின் வலது கை அப்படித்தான் கூடிக் கூடிக் கறுத்துக்கொண்டே வரும். எல்லோரும் மழை என்று நிமிரும் இடத்தில் கையை எடுத்துவிடுவார். நீளமாக ஒரு அமைதி. அப்புறம் நாலே நாலு சொட்டு. ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அதைக் கேட்டுவிட்டு, முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார் என்று எழுதினார்கள். எழுதியவரை ஆடி மாதம் ராஜபாளையத்தில் ஒரு மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டுவிட்டு உட்காரச் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லோரும் ஏசியது அதற்காக இல்லை. பியானோ சுருதி சேரவில்லை என்பதற்காக.

அதன் கதையைச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் பொழுது நகர்வது மில் சங்கை வைத்துத்தான். ஷிப்டு மாறும்போது ஊதுமே, அந்தக் கரண்டு சைரன். அக்கா வீடு மில்லுக்கு இரண்டு தெரு தள்ளி. உலை வைப்பதும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான். கான்வென்ட் பியானோவில் கை வைத்த முதல் நாளிலிருந்து அவர் அந்தச் சங்கின் சத்தத்தைக் கட்டைகளில் தேடியிருக்கிறார். அகப்படவில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் விழுகிறது. ஆல்பம் என்று முடிவானதும், ஒரு மார்கழியில் என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டு மாடிக்கு ஏறிச் சங்கை டேப்பில் பிடித்தார். ஏன் மார்கழி என்று கேட்டேன். "கோடையில கரண்டு தள்ளாடும்லே. சங்கு செத்த எறங்கி நிக்கும். இப்பத்தான் நெலையா நிக்கும்," என்றார்.

அந்தச் சங்கை அப்போது ஊதியது யார் தெரியுமா? முருகேசன்தான். மில்லில் எலக்ட்ரிக்கல் பகுதியில் இருந்தான். அவன் ஷிப்டில் சுவிட்சைப் போடுவது அவன் வேலை. மாடியில் டேப்பை நிறுத்திவிட்டு அக்கா சொன்னார்: "பாத்தியா, என் தம்பி ஊதுதான். இதுக்குத்தான் மொத்தப் பியானோவையும் சுருதி கூட்டப் போறேன். அவங்கிட்ட மட்டும் மூச்சு விடாத. சொன்னமோ, பொறவு சுவிச்சுல கை வைக்கயில யோசிப்பான். யோசிச்சான்னா ஊருக்கு நேரம் தப்பிரும்." நானும் சரியென்று வாயை மூடிக்கொண்டேன்.

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்குப் பெரிய ரகளை. அத்தனை கம்பியையும் டேப்பில் இருக்கும் சங்குக்குச் சரியாக இறக்க வேண்டும் என்றார். சுருதி கூட்ட வந்தவர் டேப்பை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "அம்மா, உலகம் பூராவும் ஒரு சுருதி வைத்திருக்கிறார்கள்," என்றார். "ஒலகத்துக்கு வாசிக்கயில அதுல வாசிச்சுக்கிடுதேன். இது எங்க ஊருக்கு," என்றார் அக்கா. நான் என் பேஸையும் இறக்கினேன். இறக்க இறக்க எனக்கே சந்தேகமாக இருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊரை வாசிக்கதுன்னா ஊரு நிக்க எடத்துக்கு நாமதாம்லே எறங்கிப் போகணும். அதைத் தூக்கிக்கிட்டு வந்து நம்ம கட்டையில உக்காத்தி வைக்கக் கூடாது."

ஆல்பம் வந்தது. வெளியிட்ட நிறுவனம் எங்களைக் கேட்காமல் அட்டையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அச்சடித்திருந்தது. பேட்டி எடுக்க வந்த நிருபர் அட்டையைக் காட்டி, "இதில் கோபுரத்துக்கு எந்தப் பாட்டு?" என்று கேட்டார். "கோபுரம் எங்க நின்னாலும் தெரியுமே. அதை நான் வேற வாசிச்சுக் காட்டணுமாக்கும்?" என்றார் அக்கா. பேட்டியில் அந்தப் பதிலைப் போடவில்லை. புராதன மண்ணின் தெய்விக ராகங்கள் என்று நிருபர் தானாகவே எழுதிக்கொண்டார். விமர்சனம் எழுதியவர்களில் ஒருவர் விடாமல், பியானோவைப் பராமரிக்கவில்லை, சுருதி இறங்கிக் கிடக்கிறது என்று எழுதினார்கள். ஏன் இப்படி என்று கேட்க ஒரு ஆளுக்குத் தோன்றவில்லை. அக்காவும் யாருக்கும் விளக்கவில்லை. கேட்டால் சொல்லலாம், கேட்காதவன் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல முடியாது என்பார்.

இத்தனையும் பழைய ஆத்திரம். இப்போது புதியதற்கு வருகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ராஜபாளையம் போனேன். தெரு முனையில் ஒரு பிளெக்ஸ். அதிலும் அதே ஆர்மோனியம். வீட்டுக்குள் போனால், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து முருகேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மரியாதையான ஆள், அதுதான் இன்னும் எரிச்சல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், அம்மா நினைவா ஆல்பத்தை மறுபடியும் கொண்டுவரோம். சுத்தமா சரி பண்ணியாச்சு சார். பியானோவோட சுருதியை ஏத்தி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவந்துட்டோம். அந்த மலைப் பாட்டுல நடுவுல நீளமா ஒண்ணுமே இல்லாம இருக்கும்ல, அதையும் எடுத்துட்டோம். இப்ப கேட்டீங்கன்னா யாரும் குறையே சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மழை வராத அந்த இடத்தையும் எடுத்துவிட்டார்களாம். நான் திரும்பி முருகேசனைப் பார்த்தேன். அவன் கையில் பேனா இருந்தது. குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"ஏலே, என்ன பண்ணப் போற?" என்றேன்.

"நீங்க கோவப்படாதீங்கண்ணே," என்றான். "அவ வாசிச்சது சரியில்ல, சுருதி சேரலன்னு எம்புட்டு நாளா எல்லாரும் சொல்லக் கேட்டுக்கிட்டு இருக்கேன். டீக்கடையில சொல்லுதாங்க, கல்யாண வீட்டுல சொல்லுதாங்க. எனக்குச் சங்கீதம் என்ன தெரியும்? வாயை மூடிக்கிட்டு வந்துருவேன். இப்ப அவ போயிட்டா. பொறவும் அந்தப் பேச்சு எதுக்கு? திருத்துதோம்ங்காங்க. திருத்தட்டும். எங்க அக்கா பேரு நல்லபடியா நிக்கட்டும்."

அவனிடம் எப்படிக் கோபப்படுவது? அக்காவை ஊர் ஏசுவதைத் தாங்க முடியாமல், தன் கையாலேயே அவர் செய்ததை அழிக்கக் கிளம்பியிருந்தான். அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் முருகேசன் ரிட்டயராகி வீட்டில் இருக்கிறான், இனி அவன் எந்தச் சுவிட்சிலும் கை வைக்கப் போவதில்லை, சொன்னால் ஊருக்கு நேரம் தப்பாது. பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

"அடுத்த சங்கு எப்ப ஊதும்?" என்றேன்.

"இப்ப ஊதிரும். பந்தி போடுத நேரத்துக்குச் சரியா இருக்கும். எதுக்குண்ணே?"

"பொறு, சொல்லுதேன்."

என் போனில் பழைய ஆல்பம் இருக்கிறது. கடைசிப் பாட்டை வைத்தேன். அது முடிகிற இடத்தில் பியானோவில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப விழும், அடியில் என் பேஸும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். எங்களுக்கு நல்ல காலம், அதுவும் மார்கழி; மில்லில் இப்போது சுவிட்சைப் போடுகிறவரும் நேரம் தவறாத ஆள். சங்கு எழும்பியது. கீழேயிருந்து ஊளையிட்டுக்கொண்டு ஏறி, ஏறி, மேலே வந்து நின்றது. நின்ற இடமும் அக்காவின் பியானோவும் ஒன்றாக இருந்தன. இடையில் ஒரு நூல் நுழைய இடமில்லை. கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். நிறுவனத்துக்காரரிடம், "உங்க திருத்திய பாட்டையும் இப்பவே போடுங்க," என்றேன். சங்கு இறங்குவதற்குள் அவர் தன் போனில் அதே இடத்தைப் போட்டார். பல் கூசியது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே நிறுத்திவிட்டார்.

முருகேசன் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எங்க மில்லு சங்குல்லா?" என்றான்.

"ஒங்க மில்லு சங்குதான். நீ ஊதினது. மாடியில நின்னு டேப்பு பண்ணி, மெட்ராசுக்குக் கொண்டுபோய், மொத்தப் பியானோவையும் அதுக்குத்தான் எறக்குனா ஒங்க அக்கா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். சுவிச்சுல கை வைக்கயில யோசிப்பான், யோசிச்சான்னா ஊருக்கு நேரம் தப்பிரும் என்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நிறுவனத்துக்காரர் தர்மசங்கடமாகத் தொண்டையைச் செருமி, "சார், இருந்தாலும் கேக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல. ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு…" என்று ஆரம்பித்தார்.

முருகேசன் துண்டை எடுத்தான். அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"தம்பி, நா வேலைக்குச் சேந்ததுலேருந்து ரிட்டயர் ஆகுத வரைக்கும் ஊதுன சங்கு இது. இந்த ஊரே இதைக் கேட்டுத்தான் சோறு வடிச்சுது, பிள்ளையளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புச்சுது. சுருதி சேரலன்னு ஒரு ஆளு எங்கிட்ட வந்து சொன்னதில்ல. நீங்க எங்கேருந்து வந்து யாரைத் திருத்துதீங்க?" பிறகு குரலைத் தணித்து, "வாங்க, எலை போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க. கையெழுத்து மட்டும் கெடையாது," என்றான். அவரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கையெழுத்து இல்லாமலும் வெளியிட வழி இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பார்க்கட்டும். அக்காவோடு பழகிய உங்கள் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அட்டையில் "திருத்திய பதிப்பு" என்று கண்டால் தொடாதீர்கள். பழையது உங்களிடம் இருந்தால் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். சுருதி சேரவில்லை என்று எவராவது வாயைத் திறந்தால் ராஜபாளையத்துக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். சங்கு இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. காதிருந்தால் கேட்டுக்கொள்ளட்டும். அப்புறம், அந்த ஆர்மோனியப் படத்தை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சுருதிதான். அந்த ஒலிப்பதிவுக்கு இறக்கிய பேஸை, காரியம் முடிந்து வந்த அன்று திரும்பவும் அதே இடத்துக்கு இறக்கினேன். போன வாரம் கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு விழாவில் அவர்களோடு ஒரு பாட்டு வாசிக்க வேண்டுமாம். கீபோர்டைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தார்கள். வாசித்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. அவர்களில் ஒரு பெண், "அங்கிள், உங்களோடது கொஞ்சம் எறங்கி இருக்கு. ஏத்திக்கிடுதீங்களா?" என்று கேட்டாள்.

"ஏத்த மாட்டேன்," என்றேன். "நீங்க எறங்கி வாங்க."

அவள் கீபோர்டில் சுருதியை இறக்கும் பொத்தானைத் தேடி அமுக்கினாள். இறங்கி வந்துவிட்டாள். அவ்வளவுதான் வேலை.